மெரினாவைத் தாண்டிய சென்னை

சென்னைக்கு வரும் விருந்தினரை மெரினாவோடு அனுப்பிவிடாதீர்கள். உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி அரண்மனைக்காரத் தெருவுக்கு நடந்துவிடுங்கள். அங்கே 1772-இல் எழுந்த ஆர்மீனியர் தேவாலயம் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794-இல் வெளிவந்தது இதே சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியாரின் கல்லறை இந்த வளாகத்தில் உள்ளது. தரையில் பதித்த கல்லெழுத்துகளை நிதானமாகப் பாருங்கள். காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் கதவு சாத்தியிருக்கலாம்.

மயிலாப்பூர் பக்கம் போனால், போர்ச்சுக்கீசியர் 1516-இல் கட்டிய லஸ் தேவாலயம். காட்டுக்கோயில் என்று கேட்டால் பழைய ஆட்கள் வழி காட்டுவார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளுக்கு மட்டுமே ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

எனக்கு மிகப் பிடித்தது ஆமை நடை. ஜனவரி முதல் மார்ச் வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் இதை நடத்தும் மாணவர்களோடு நடந்து, பங்குனி ஆமைகள் இட்ட முட்டைகளைத் தேடலாம். முன்பே பதிவு செய்யுங்கள். டார்ச்சும் கேமரா ஃபிளாஷும் வேண்டாம். வெளிச்சம் ஆமைகளைத் திசைமாற்றிவிடும். தண்ணீர் பாட்டில் அவசியம். மணலில் பல கிலோமீட்டர் நடக்க வேண்டும்.