சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கு வந்த மவுசு

கேள்வி: பழைய சுவிஸ் கைக்கடிகாரங்களை ஏலத்தில் கோடிக்கணக்கில் எடுக்கிறார்களாமே, இந்த வழக்கம் எங்கே தொடங்கியது? என் தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதாவுக்கும் மதிப்பு உண்டா?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஜெனீவாவில். கடிகாரத்துக்கென்றே தனி ஏல நிறுவனத்தை 1974இல் அங்கே முன்னின்று தொடங்கியவர் ஒஸ்வால்டோ பட்ரிட்ஸி. பின்னாளில் ஆன்டிகோரம் என்று பெயர் பெற்றது அதுதான்.

அந்த ஆண்டுக்கு ஒரு பொருத்தம் உண்டு. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சைக்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாட்டரியில் ஓடிய அது, சாவி கொடுக்கும் எந்தக் கடிகாரத்தையும்விடத் துல்லியமாக நேரம் காட்டியது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சுவிஸ் பட்டறைகள் வரிசையாக மூடப்பட்டன. கையால் கோத்த பல்சக்கரங்கள் இனி வரப்போவதில்லை என்ற நிலையில்தான் இருப்பவற்றுக்கு மவுசு கூடியது. 1989இல் பட்டேக் ஃபிலிப் கடிகாரங்களுக்கென்றே தனி ஏலம் நடந்தது. 2017இல் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா நியூயார்க்கில் 1.77 கோடி டாலரைத் தாண்டியது.

உங்கள் ஊரிலும் இதேதான் நடந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் தொழில்நுட்பத்துடன் 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. அரசு வேலை கிடைத்தவர் கையிலும் மாப்பிள்ளை கையிலும் அதுதான். 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை உருவாக்கின. பக்கத்து ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்து குவிந்தன. 2016இல் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. மூடப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததுமே ஜனதா, பைலட் மாடல்களைத் தேடி ஆட்கள் அலையத் தொடங்கிவிட்டார்கள்.

உங்கள் ஜனதாவுக்குக் கோடி கிடைக்காது. லட்சக்கணக்கில் செய்யப்பட்ட கடிகாரம் அது. ஆனால் சேகரிப்பவர்கள் தேடும் பொருள்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன், டயலுக்குப் புது வண்ணம் பூச விடாதீர்கள். பழைய கடிகாரத்தைப் புதிதாக்கித் தருவதை நம் ரிப்பேர்க் கடைகள் உதவியாகவே செய்கின்றன. ஏலத்திலோ, மங்கிப்போன அசல் டயலுக்குத்தான் விலை. மறுபடி அச்சடித்த எழுத்துகளைக் கண்டதும் சேகரிப்பவர் கீழே வைத்துவிடுவார். உள்ளே சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் போதும். சிக்பேட்டை ஞாயிறு சந்தையில் பளபளக்கும் ‘பழைய’ கடிகாரங்களை வாங்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. அருங்காட்சியகம் இருக்கிறது. அசல் டயல்கள் எப்படி இருக்கும் என்பதை அங்கே கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.