சங்கமத்தில் குளிக்கும் முன் பைரமங்கலாவைக் கேளுங்கள்

பெங்களூர்க் குழாய்களில் வரும் காவிரித் தண்ணீர் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, மேட்டுக்கு ஏற்றி அனுப்பப்படுவது. 1974 முதல் இப்படித்தான் நகரம் குளிக்கிறது, துவைக்கிறது. அதன் பிறகு மேற்குப் பகுதிகளின் கழிவு விருஷபாவதியில் இறங்குகிறது. மைசூர் சாலையை ஒட்டி ஓடும் அந்த ஆறு கெங்கேரியைத் தாண்டி, பைரமங்கலா ஏரி வழியாகப் போய், கனகபுரா பக்கம் அர்க்காவதியோடு சேர்கிறது. அர்க்காவதி சங்கமத்தில் காவிரியில் விழுகிறது. பெங்களூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை துண்டும் மாற்றுத்துணியும் எடுத்துக்கொண்டு குளிக்கப் போகும் இடம் அதே சங்கமம்தான்.

இதை எழுதுபவர் கெங்கேரிவாசி. விருஷபாவதியைப் பாலத்தில் கடக்கும்போதெல்லாம் பேருந்து ஜன்னலை மூடுகிற குடும்பம் அவருடையது. குழந்தைகள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: பாறையில் சறுக்கி விழ வேண்டும், கீழே நீந்த ஒரு மடு வேண்டும். வேன் ஏற்பாடு செய்யும் ஒருவர் சங்கமத்தையும் மேகதாதுவையும் சொன்னார். “ஆத்துத் தண்ணி சார், கண்ணாடி மாதிரி இருக்கும். முழங்கால் ஆழம்தான், பசங்களுக்குப் பயமே இல்ல” என்றார். முன்பணமும் வாங்கிக்கொண்டார்.

முழங்கால் ஆழம் என்றது உண்மை. அதுதான் வினையாகவும் ஆனது. ஆழம் குறைவாக இருந்தது அர்க்காவதிக் கரையில். பெரியவர்கள் சற்றுத் தள்ளி, கலப்பதற்கு முந்தைய காவிரிப் பக்கம் முங்கினார்கள். குழந்தைகளை மட்டும் “இங்கேதான் பத்திரம்” என்று அர்க்காவதியில் நிறுத்தினார் வேன்காரர். மறுநாளே குழந்தைகளின் கை, கால், கழுத்தெல்லாம் தடிப்பு, பின்னாலேயே வயிற்றுப்போக்கு. அர்க்காவதித் தண்ணீர்தான் காரணம் என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் ஒரே சாப்பாடு, ஒரே வேன், ஒரே வெயில். காவிரிப் பக்கம் குளித்த ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. வேன்காரரிடம் கேட்டதற்கு, “டெய்லி ஆயிரம் பேர் குளிக்கிறாங்க சார்” என்று பதில் வந்தது. ஆயிரம் பேர் குளிப்பது தண்ணீருக்கு நற்சான்றிதழ் ஆகாது. ஊர்க் கழிவு எங்கே போகிறது என்று தெரிந்த வேன்காரர் அந்தக் கரையில் குழந்தைகளை இறக்கியிருக்கக் கூடாது.

குளிக்கத் தகுந்த நீர் எது என்பதற்கு இந்தியாவில் அளவுகோல் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்றுநீரை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. திறந்தவெளியில் குளிக்க ‘பி’ வகுப்பு வேண்டும். மலக் கிருமிகளின் அளவு 100 மில்லிலிட்டருக்கு 500-க்குள் இருப்பது நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது என்கிறது வாரியத்தின் குளியல்நீர் விதி. கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆறுகளில் மாதிரி எடுத்து வகுப்பு குறிக்கிறது. ஆனால் இந்த விவரம் ஆற்றங்கரைப் பலகையில் இல்லை. முதலை எச்சரிக்கை உண்டு, சுழல் எச்சரிக்கை உண்டு, இரண்டும் அவசியமானவை. காவிரி வனவிலங்கு சரணாலயத்தில் முதலைகள் இருக்கவே செய்கின்றன. மேகதாதுவில் பாறை இடுக்குச் சுழலில் போன உயிர்களும் ஏராளம். அங்கே சறுக்குவதைப் பற்றி யாரும் யோசிக்கவே வேண்டாம்.

கரையிலேயே இதைக் கவனிக்கும் இடமும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில், செடோனா அருகே ஓக் க்ரீக் ஓடையில் ‘ஸ்லைடு ராக்’ என்ற பூங்கா இருக்கிறது. அங்கே செம்பாறையில் இயற்கையே செதுக்கிய 80 அடி சறுக்கல் உண்டு. கூட்டம் அதிகமான கோடையில் ஓடைநீரைச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள், ஈ.கோலி வரம்பைத் தாண்டினால் தண்ணீரில் இறங்க விடுவதில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் நகரத்துக்குக் கீழே இருக்கும் சங்கமத்தில் அந்த ஏற்பாடு ஏன் இல்லை என்று கேட்பது பேராசை அல்ல.

அடுத்த முறை அந்தக் குடும்பம் பெரியகுளம் அருகே கும்பக்கரைக்குப் போனது. மனைவியின் தம்பிக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. “ரெண்டரை மணி நேரத்துல தண்ணி இருக்கு, ராத்திரி முழுக்க எதுக்கு மாமா வண்டி ஓட்டணும்?” என்றான். சேலம், கரூர், திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று வழி நீளம்தான். சாலை நல்ல சாலை, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கும்பக்கரை கொடைக்கானல் மலையின் அடிவாரம். பாம்பாறு வழவழப்பான பெரும்பாறைகளின் மேல் சரிந்து, தடாகம் தடாகமாக இறங்குகிறது. யானைக் கெஜம், பாம்புக் கெஜம் என்று ஆழமான மடுக்களுக்கு ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், வழுக்குப்பாறையும் உண்டு. அந்த மடுக்கள் ஆளை விழுங்கும் இடங்கள். வனத்துறை குளிக்க விட்டிருக்கும் பகுதியில் மட்டும், பெரியவர் ஒருவர் கீழே நின்று பிடிக்க, சரிவு குறைந்த பாறையில் குழந்தைகளைச் சறுக்க விடலாம். உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டித்தான் சறுக்க வேண்டும். தலைகீழாக வேண்டாம், நின்றபடி வேண்டவே வேண்டாம். பழைய ஜீன்ஸ் கால்சட்டை போட்டுவிடுங்கள். நீச்சலுடை பாறையில் கிழிந்துவிடும்.

அங்கேயும் மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். கொடைக்கானலில் பாம்பார் சோலையை ஒட்டி இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-இல் மூடப்பட்டது. பாதரசம் மீனின் உடலில் சேரும் நஞ்சு. ஆகவே அந்தக் குடும்பம் குளித்ததோடு நிறுத்திக்கொண்டது. ஆற்றுநீரைக் குடிக்கவில்லை, கீழே ஏரி மீன் வாங்கவில்லை. நகரக் கழிவில் குழந்தையை நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல் என்பதில் இதை எழுதுபவருக்குச் சந்தேகமில்லை.

மேலே மழை பெய்கிறதா என்பதும் அதே கேள்வியின் மறுபாதி. வட்டக்கானல் பக்கம் மழை கொட்டினால், அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே கும்பக்கரையில் வெள்ளம் வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவனை இழுத்துப்போனது; அடுத்த மாதமே லோனாவாலாவில் புஷி அணை அருகே ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் போனார்கள். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ வனக்காவலர் விசில் ஊதும்வரை காத்திருக்காதீர்கள். ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் எவ்வளவு நீர் திறக்கிறார்கள் என்றும், பிலிகுண்டுலுவில் நீர்வரத்து என்ன என்றும் காலைச் செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

கிளம்பும் முந்தின நாள் தேனி மாவட்டச் செய்தியில் ‘கும்பக்கரையில் குளிக்கத் தடை’ இருக்கிறதா என்று பாருங்கள். பெங்களூர்ப் பள்ளிகளுக்குத் தசரா விடுமுறை பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அப்போதுதான். அந்த விடுமுறையை வேறு ஊருக்கு வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் போகலாம். ஏப்ரலுக்குத் தள்ளினால் சறுக்கப் பாறை இருக்கும், தண்ணீர் இருக்கும் என்று சொல்ல முடியாது.