குளிப்பறைச் சுவரில் ஓதம்

குளிப்பறையைப் புதுப்பித்து டைல்ஸ் பதித்த பின்னரும், அடுத்த அறைச் சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்வதைப் பல வீடுகளில் காண்கிறோம். டைல்ஸ் இணைப்புகளின் வழியே நீர் மெல்ல உள்ளிறங்கும். அதனைத் தடுப்பது அடியிலுள்ள நீர்க்காப்புப் பூச்சேயாகும்.

தளத்திற்கு, வடிகுழாயை நோக்கி மீட்டருக்கு ஒரு செண்டிமீட்டருக்குக் குறையாத வாட்டம் வேண்டும். தரையும் சுவரும் கூடும் மூலைகளைச் சாந்தினால் வளைவாக நிரப்பி, குழாய் நுழையும் இடங்களை நன்கு அடைத்து, முதற்பூச்சு உலர்ந்தபின் அதற்குக் குறுக்காக இரண்டாம் பூச்சு இடுக. நீர் தெறிக்கும் சுவரில் ஆளுயரம் வரை பூசுவதே முறை. இதில் பார்க்கும் சிக்கனம் பின்னர் சுவரையே கேட்கும்.

பூச்சு இறுகியபின் வடிகுழாயை அடைத்து, 24 மணி நேரம் நீரைத் தேக்கி வைத்தல் வேண்டும். கொத்தனார் அவசரப்படுவார், இணங்கலாகாது. அடுத்த அறைச் சுவர் உலர்ந்திருக்கக் கண்டபின்பே டைல்ஸ் பதிக்கலாம். ஊராட்சிக் குளிப்பறைகளிலும் உறுப்பினர்கள் இச்சோதனையை நேரில் பார்ப்பது நலம்.