தரவுத்தள நூலகமும் வழுகாணும் தெரிவுகளும்

கைத்தொலைபேசியின் பெயர்ப்பட்டியல் முதல் கடைக்காரரின் கடன் கணக்கு வரை, இன்று பற்பல விவரங்கள் தரவுத்தளங்களிலே சேமிக்கப்படுகின்றன. அவற்றுட் பெரிதும் பரவியது எஸ்.கியூ.லைற் என்னும் நிரல் நூலகம். அமெரிக்கரான டி. ரிச்சர்ட் ஹிப் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்நூலகம் ‘சீ’ மொழியில் எழுதப்பட்டது. இதன் மூலநிரல் உரிமைத் தடையின்றி எவர்க்கும் கிடைப்பதாதலின், நம் மாணவர் தாமே அதனைத் தொகுத்துப் பயிலலாம்.

மூலநிரலைத் தொகுப்பியானது இயந்திர மொழிக்கு மாற்றும்போது நாம் சில தெரிவுகளை இடலாம். தெரிவுக்கேற்ப, ஒரே மூலத்திலிருந்து அன்றாட வழக்குக்கு ஒரு வடிவமும், வழுக் காண்பதற்கு வேறொரு வடிவமும் பிறக்கும். பின்னதற்குரிய தெரிவுகள் மூன்றினை ஈண்டுக் காண்போம்.

முதலாவது, ‘ஜீ’ என்னும் தொகுப்பித் தெரிவு. இயந்திர மொழியின் ஒவ்வொரு கட்டளையும் மூலநிரலின் எவ்வரியிலிருந்து வந்தது என்னும் குறிப்பை இது உடன்சேர்க்கும். நிரல் இடையில் நின்றால், நின்ற வரியை நாம் அறியலாம். வேகங்கருதித் தொகுப்பி செய்யும் மாற்றங்கள் வரியொழுங்கைக் குலைக்குமாதலின், அவற்றையும் நிறுத்திவைத்தல் நன்று.

இரண்டாவது, ‘எஸ்.கியூ.லைற் டிபக்’. இந்நூலகத்தினுள் ஆயிரக்கணக்கான உறுதிக்கூற்றுகள் உள. ‘இவ்விடத்தில் இந்நிலை இருந்தேயாகவேண்டும்’ என்பதே அவற்றின் பொருள். சித்தாண்டி வயல்களில் வட்டவிதானையார் வாய்க்காலையும் வரம்பையும் சுற்றிப் பார்ப்பதுபோல, இவை நிரலின் ஒவ்வொரு படியையும் சோதித்து, பிழை கண்டவிடத்தே நிறுத்திவிடும். வழக்கமான வடிவில் இவை இடம்பெறா. இடம்பெறச் செய்தால் நூலகத்தின் வேகம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகும்.

மூன்றாவது, ‘எஸ்.கியூ.லைற் மெம்டிபக்’. இது நினைவகத்துக்குக் காவல். திருப்பிக் கொடுத்த இடத்தை மீண்டும் பயன்படுத்தல், பெற்ற அளவுக்கு அப்பால் எழுதுதல் முதலிய குற்றங்களை இது வெளிப்படுத்தும்.

வேகத்தை இழந்து இச்சோதனைகளைச் செய்வது ஏன்? இடையில் நின்றுவிடும் நிரலால் விளையும் தீங்கு உடனே தெரியும். நில்லாது பிழையான பதிவை எழுதிச் செல்லும் நிரலோ அத்தகையதன்று. விதைநெற் கடனில் ஓரிலக்கம் மாறினால், அறுவடைக்குப் பின் கணக்குப் பார்க்கும்வரை அதனை எவரும் அறியார். அதற்குள் காப்புப் பிரதிகளிலும் அப்பிழை ஏறிவிடும். கடனாளி தன் சொல்லையன்றி வேறு சான்றின்றி நிற்பான்.

ஆகவே, சோதனை வடிவில் வழுக்களைக் களைந்தபின், வழக்கு வடிவத்தையும் அதே சோதனைகளுக்கு உட்படுத்துதல் வேண்டும். மக்கள் கையிற் சேர்வது அவ்வடிவமே. வேகங்கருதிய மாற்றங்களால் அதன்கண் மட்டும் தோன்றும் வழுக்களும் உண்டென்பதை மாணவர் மறவாதிருப்பாராக.