முதல் டிரையத்லான்: காலண்டரில் தொடங்குங்கள்

நீச்சல் 750 மீட்டர், சைக்கிள் 20 கிலோமீட்டர், ஓட்டம் 5 கிலோமீட்டர். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக. இடையில் ஷூ மாட்டும் நேரமும் கணக்கில் சேரும். இதுதான் ஸ்பிரின்ட் டிரையத்லான். முதல்முறை பேர் கொடுக்கிறவருக்கு இந்தத் தூரம் போதும். ஒலிம்பிக் தூரம் இதைப்போல இரண்டு மடங்கு; 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு அறிமுகமானது அந்தத் தூரத்தில்தான். அதற்கும் மேலே அரை அயர்ன்மேன்: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். 2019-ல் கோவாவுக்கு வந்தது இந்த வகைப் போட்டி. அலுவலகத்தில் யாராவது கோவாவிலிருந்து மெடலோடு திரும்பினால், அடுத்த வாரமே அரை அயர்ன்மேனுக்குப் பணம் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒரு ஸ்பிரின்ட் முடித்தவருக்குத் தன் உடம்பைப் பற்றியும் தன் வாரத்தைப் பற்றியும் தெரியவரும் விஷயங்கள் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

வாரத்தைப் பற்றி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவது நுரையீரல் போதாமல் இல்லை, நேரம் போதாமல்தான். எந்தப் பயிற்சித் திட்டத்தை எடுத்தாலும் அது வாரம் ஏழு நாளும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டிருக்கும். நம் வாரம் அப்படி இருப்பதில்லை. அதனால் திட்டத்தைத் தேடும் முன் அலுவலகக் காலண்டரைத் திறந்துவைத்து அடுத்த ஆறு மாதத்தைப் பாருங்கள். ரிலீஸ் எப்போது, ஆடிட் எப்போது, அப்ரைசல் எப்போது? கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு மார்ச் என்றாலே மூச்சு முட்டும். வீட்டுப் பக்கமும் பாருங்கள்: பிள்ளைகளின் பரீட்சை, ஆவணியிலும் தையிலும் வரிசையாக வரும் கல்யாணங்கள், தீபாவளிக்கு ஊர்ப் பயணம். இவற்றையெல்லாம் கழித்துவிட்டு, வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்க முடிகிற வாரங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஓரளவு நீந்தத் தெரிந்தவருக்கு அப்படிப் பன்னிரண்டு வாரம் வேண்டும். நீச்சலே தெரியாதவர் அதற்கு முன்னால் இரண்டு மூன்று மாதம் சேர்த்துக்கொள்ள வேண்டும். போட்டித் தேதியைத் தேர்ந்தெடுப்பது இதற்குப் பிறகுதான்.

அந்த ஆறு மணி நேரத்தில் நீச்சல் இரண்டு முறை, சைக்கிள் இரண்டு முறை, ஓட்டம் இரண்டு முறை. ஒரு நாள் முழு ஓய்வு. அந்த ஓய்வு நாளில் விட்டுப்போன பயிற்சியைச் சேர்த்துச் செய்யக் கூடாது. விட்டது விட்டதுதான்.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள். இரவு பதினொன்றரை வரை அமெரிக்க கால் பேசிவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து சைக்கிளை எடுப்பவரைப் பார்த்தால் பாராட்டத் தோன்றும். ஆனால் அவர் உடம்பு அந்த உழைப்பிலிருந்து எதையும் கற்றுக்கொள்வதில்லை. தசை தேறுவது தூக்கத்தில்தான். ஆறு மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்றால் அன்றைய கடினப் பயிற்சியை விட்டுவிட்டு அரை மணி நேரம் மெதுவாக நடங்கள், அல்லது தூங்குங்கள். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களும், மருத்துவமனை நர்ஸ்களும், இரண்டு விதமான வாரத் திட்டம் வைத்துக்கொள்வது நல்லது. பகல் ஷிஃப்ட் வாரத்தில் முழுப் பயிற்சி. இரவு ஷிஃப்ட் வாரத்தில் தூங்கி எழுந்த பிறகு மாலையில் இரண்டே இரண்டு லேசான பயிற்சி. இரவு வேலை முடிந்த கையோடு நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. கண் சொருகுவது ஒரு நொடிதான். லாரி வருவதும் ஒரு நொடிதான்.

மேனேஜரிடம் சொல்ல வேண்டுமா? சொல்லிவிடுங்கள், ஒரே ஒரு முறை, தெளிவாக. “செவ்வாயும் வியாழனும் காலை எட்டரைக்கு முன்னால் மீட்டிங் இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியுமா? ரிலீஸ் வாரத்தில் இதை நான் கேட்க மாட்டேன்.” இந்த இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். எங்கே விட்டுக்கொடுப்பீர்கள் என்பது தெரிந்துவிட்டால் பெரும்பாலான மேனேஜர்கள் சம்மதிப்பார்கள். போட்டிக்கு மறுநாள் லீவையும் அன்றே கேட்டுவிடுங்கள். வீட்டில் பேச வேண்டியது இதைவிடப் பெரியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் சைக்கிளில் போகும் மூன்று மணி நேரமும் வீட்டில் இன்னொருவர் தலையில் விழுகிறது. எட்டரைக்குள் திரும்பி வருவேன், அதன் பிறகு பிள்ளைகளும் சமையலும் என் பொறுப்பு என்று சொல்லுங்கள், சொன்னபடி வந்துவிடுங்கள். வீட்டின் சம்மதத்தோடு நடக்கும் பயிற்சிதான் பன்னிரண்டு வாரம் தாங்கும்.

தண்ணீர்

நம் ஊரில் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். கிராமத்துக் கிணற்றில் குதித்து வளர்ந்தவருக்குத் தண்ணீர் பயம் இருக்காது, ஆனால் தலையை வெளியே தூக்கியபடி நீந்துவார். ஐம்பது மீட்டரில் களைத்துப்போவார். நகரத்தில் வளர்ந்தவர் பலர் முப்பது வயதில்தான் முதல்முறையாகக் குளத்தில் இறங்குகிறார்கள். இரண்டு பேருக்கும் மருந்து ஒன்றுதான்: மூச்சை நீருக்குள் விடப் பழகுவது. முகம் நீருக்குள் இருக்கும்போது மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். தலையைத் திருப்பும்போது இழுக்க மட்டுமே நேரம் இருக்கும். வெளியே வந்துதான் விடுவேன், வெளியே வந்துதான் இழுப்பேன் என்றால் இரண்டும் அரைகுறையாகும். சுடுநீரில் இறங்கியதுபோலப் பதற்றம் தொற்றிக்கொள்ளும். காலை அடித்து உதைப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால்கள் சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் வேண்டும்.

சென்னையில் இருப்பவருக்கு வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் 50 மீட்டர் குளம் இருக்கிறது. அதில் 15 நீளம் போனால் 750 மீட்டர். அடுக்குமாடிக் குடியிருப்புக் குளத்தில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை சுவரைத் தள்ளித் திரும்புவதால் கிடைக்கும் நம்பிக்கை பொய்யானது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ஓய்வு ஒளிந்திருக்கிறது. வாரம் ஒருமுறையாவது பெரிய குளத்துக்குப் போங்கள்.

குளத்தில் அடித்தரையில் கறுப்புக் கோடு தெரியும். கடலிலோ ஏரியிலோ எதுவும் தெரியாது. எட்டுப் பத்து கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீர் மட்டத்துக்கு மேலே தூக்கி மிதவை எங்கே என்று பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் இல்லாதவர் 750 மீட்டர் போட்டியில் வளைந்து வளைந்து 900 மீட்டர் நீந்திவிடுவார். இதைக் குளத்திலேயே பழகலாம். கடலில் பழக விரும்பினால் ஆயுள்காப்பு ஆளும் கயாக்கும் இருக்கும் பயிற்சிக் குழுவோடு மட்டும் இறங்குங்கள். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கடலின் இழுப்பு நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் கொண்டுபோயிருக்கிறது. தனியாக வேண்டவே வேண்டாம்.

போட்டியில் முதல் நூறு மீட்டர் ஒரு கலவரம். பக்கத்தில் இருப்பவர் கை உங்கள் கண்ணாடியில் படும், முன்னால் போகிறவர் கால் உங்கள் தாடையில் படும். இதயம் படபடக்கும். முதல்முறை போகிறவர் கூட்டத்தின் பின்வரிசையில், ஓரமாக நின்று, மற்றவர்கள் போன பிறகு பத்து நொடி கழித்து இறங்கலாம். அந்தப் பத்து நொடியால் எதுவும் குறையாது. மூச்சு முட்டினால் மல்லாந்து படுத்து மிதந்தபடி நாலைந்து முறை நிதானமாக மூச்சு விடுங்கள். எந்தப் பாணியிலும் நீந்தலாம். கயாக்கையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கவும் விதி அனுமதிக்கிறது, பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். இது தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான்களில் மரணம், இதயம் திடீரென நின்றுபோதல் என 135 சம்பவங்களை மருத்துவர்கள் தொகுத்து 2017-ல் வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு நீச்சலில் நடந்தவை. பாதிக்கப்பட்டவர்களின் சராசரி வயது 47; பெரும்பாலும் ஆண்கள். லட்சக்கணக்கானவர்கள் கலந்துகொண்ட போட்டிகளில் இது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர் இருப்பவர் ஆகியோர் பணம் கட்டும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருப்பதை வைத்து முடிவு செய்யாமல், “நான் நீந்தி, சைக்கிள் ஓட்டி, ஓடப்போகிறேன்” என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்போதுதான் சரியான பரிசோதனையைச் சொல்வார்.

வயதைக் காரணம் காட்டி ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு பெயர்: ஹிரோமு இனாடா. ஜப்பானில் பத்திரிகையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 60 வயதில் நீச்சல், 70 வயதில் முதல் டிரையத்லான். 2018-ல் தன் 85-வது வயதில் ஹவாயில் அயர்ன்மேன் உலகப் போட்டியை 17 மணி நேரக் கெடுவுக்குள் முடித்தார்.

சாலை

விலை உயர்ந்த சைக்கிள் முதல் போட்டிக்குத் தேவையில்லை. கையில் இருக்கும் ஹைப்ரிட் போதும். பிரேக் பிடிக்க வேண்டும், டயர் நல்லதாக இருக்க வேண்டும், சீட் உயரம் சரியாக இருக்க வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் உயரம் சரி. மிச்சப் பணத்தை நல்ல ஹெல்மெட்டிலும் நீச்சல் கோச்சிலும் போடுங்கள். ஞாயிறு விடியலில் ஈசிஆரில் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழுக்களில் சேர்ந்து ஓட்டுவது பாதுகாப்பு. பஞ்சர் ஒட்டவும் யாராவது கற்றுத்தருவார்கள். ஆனால் மாதம் இரண்டு முறையாவது யார் பின்னாலும் ஒட்டாமல் ஓட்டிப் பழகுங்கள். சாதாரணப் போட்டியாளர்களுக்கான பெரும்பாலான போட்டிகளில் முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒண்டிக்கொள்வது குற்றம். இடைவெளி எத்தனை மீட்டர் என்பதைப் போட்டியின் விதிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் ஓடுங்கள். வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுதான்: சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் ஓடுவது. தொடை மரக்கட்டையாகிவிடும், கால் உங்களுடையது என்றே தோன்றாது. பிரிக் என்று சொல்லும் இந்தப் பயிற்சியை ஐந்தாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை செய்யுங்கள். ஒரு மணி நேரம் சைக்கிள், இறங்கிய உடனே பத்தே நிமிடம் ஓட்டம். அந்த மரத்துப்போன உணர்வு ஒரு கிலோமீட்டருக்குள் விலகிவிடும் என்பதை உடம்பு தெரிந்துகொண்டால் போதும்.

வெயிலையும் புழுக்கத்தையும் நம் ஊர்க்காரர் மதிக்க வேண்டும். வியர்வை காயாத காற்றில் உடம்பு குளிராது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள். வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளுவதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் பயிற்சியில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பானம் குடியுங்கள். வியர்வை நின்று தலை சுற்றினாலும் பேச்சு குழறினாலும் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

போட்டி நாள்

கடைசிப் பத்து நாள் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அலுவலகத்தில் அந்த வாரம் புதிய பொறுப்பு எதையும் ஏற்காதீர்கள். முந்தைய இரவு ஓட்டலில் புதிதாக எதையும் சாப்பிட வேண்டாம். காலையில் போட்டிக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் நாலு இட்லி, ஒரு வாழைப்பழம். சாம்பார் வேண்டாம், கொஞ்சம் சர்க்கரை தொட்டுக்கொள்ளுங்கள். இதையும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் உங்களுக்குக் கிடைக்கும் இடம் ஒரு துண்டு விரிக்கும் அளவுதான். ஷூவின் வாய் உங்களைப் பார்த்திருக்கட்டும். லேஸுக்குப் பதில் எலாஸ்டிக் கோர்த்துவிடுங்கள். சாக்ஸைப் பாதி வரை சுருட்டி ஷூவுக்குள் வைத்தால் ஈரக்காலில் ஏறும். ஹெல்மெட்டை ஹேண்டில்பார் மேல் தலைகீழாக, பட்டை இரண்டு பக்கமும் தொங்கும்படி வையுங்கள், உள்ளே கூலிங்கிளாஸ். நம்பர் பெல்ட் அதன் மேல். கால் கழுவ ஒரு சின்ன பாட்டில் தண்ணீர், மணல் ஒட்டிய காலோடு ஷூ போட்டால் ஐந்து கிலோமீட்டரில் கொப்புளம். சைக்கிளைக் கடைசியாக நிறுத்தும்போது லேசான கியரில் விட்டுவையுங்கள். பிறகு நீச்சலிலிருந்து வெளியேறும் வழியில் நின்று, உங்கள் வரிசை எத்தனையாவது என்று எண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீரிலிருந்து வரும்போது எல்லாச் சைக்கிளும் ஒன்று போலவே தெரியும். ஹெல்மெட் பட்டையை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம். சைக்கிளைத் திரும்ப நிறுத்திய பிறகுதான் கழற்றலாம். தரையில் கோடு போட்டிருக்கும் இடத்தைத் தாண்டித்தான் ஏற வேண்டும். இந்த மூன்றில் எதை மறந்தாலும் தண்டனை உண்டு. இயர்போனும் கூடாது.

சைக்கிளின் முதல் ஐந்து கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். ஓட்டத்தில் நடக்க வேண்டி வந்தால் நடங்கள், தண்ணீர் வைத்திருக்கும் மேசைகளில் நின்று குடியுங்கள்.

முடித்த பிறகு உடனே உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். அரை மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிடுங்கள். தயிர் சாதம் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. கடற்கரையில் நடந்த போட்டி என்றால் அன்று மாலையே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள், உப்பு ஒரே வாரத்தில் துருவாகிவிடும். மறுநாள் லீவை எடுத்துக்கொண்டு, மாலையில் குளத்தில் இருபது நிமிடம் சும்மா நீந்துங்கள். ஒலிம்பிக் தூரத்துக்குப் பேர் கொடுப்பதைப் பற்றி இரண்டு வாரம் கழித்து, அலுவலகக் காலண்டரையும் வீட்டில் இருப்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.