கணிப்பொறி 'மெமரி குறைவு' என்று சொன்னால் என்ன செய்வது?

மளிகைக் கடையானாலும் மொத்த வியாபாரமானாலும் இன்று பில், சரக்கு இருப்பு, பற்று வரவு மூன்றும் கணிப்பொறிக்குள் போய்விட்டன. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த பிறகு கணிப்பொறியைத் தொடாமல் வியாபாரம் செய்வது அரிதாகிவிட்டது. ஆனால் பல கடைகளில் இருப்பது பழைய கணிப்பொறி, 4 ஜி.பி. ரேமும், நிரம்பி வழியும் 'சி' டிரைவும் கொண்டது. மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் தாக்கல் செய்ய வேண்டியவர்கள் கணக்குப் புரோகிராம், இன்டர்நெட், எக்செல் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து வைத்து வேலை செய்கிறார்கள். அப்போதுதான் 'மெமரி குறைவாக உள்ளது, புரோகிராம்களை மூடவும்' என்ற எச்சரிக்கை வருகிறது.

இதைக் கண்டதும் சிலர் மின்சார சுவிட்சையே அணைத்து விடுகிறார்கள். சிலர் கண்ணில் பட்ட கோப்புகளை அழிக்கிறார்கள். இரண்டும் ஆபத்தானவை. காரணத்தைப் புரிந்துகொண்டால் பெரும்பாலும் செலவில்லாமலே இதைச் சரிசெய்யலாம்.

தட்டும் குடோனும்

கடையில் கைக்கெட்டும் தூரத்தில் தட்டு இருக்கிறது. பின்கட்டில் குடோன் இருக்கிறது. அடிக்கடி விற்கும் சரக்கு தட்டில் இருக்கும். தட்டு நிறைந்து, புதிய சரக்குக்கு இடம் வேண்டுமானால், அப்போதைக்குத் தேவைப்படாததைக் குடோனுக்கு அனுப்பி, கேட்கும்போது எடுத்து வருவோம்.

கணிப்பொறியில் ரேம் என்பது தட்டு. ஹார்டு டிஸ்க் என்பது குடோன். ரேம் நிறையும்போது, உடனே தேவைப்படாத பகுதிகளை விண்டோஸ் டிஸ்க்கில் ஒரு தனிக் கோப்பில் எழுதி வைக்கிறது. அதற்குப் பேஜ் ஃபைல் என்று பெயர். ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்து, இருப்பதைவிடப் பெரிய நினைவகம் இருப்பது போலப் புரோகிராம்களுக்குத் தோற்றம் தருவதே விர்ச்சுவல் மெமரி, அதாவது மெய்நிகர் நினைவகம். இது புதிய ஏற்பாடு அன்று. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணிப்பொறியிலேயே இம்முறை கையாளப்பட்டது.

ஆனால் குடோனுக்குப் போய் வர நேரமாகும். ரேமில் உள்ளதை எடுக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால், சுழலும் ஹார்டு டிஸ்க்கில் தேடி எடுக்க ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு நேரம் பிடிக்கும். மெமரி நெருக்கடியில் கணிப்பொறி ஆமை போல நகர்வதற்கும், டிஸ்க் விளக்கு ஓயாமல் மின்னுவதற்கும் இதுவே காரணம்.

டிஸ்க்கில் இடம் குறைந்தால் மெமரி ஏன் குறைகிறது?

குடோன் முழுவதும் வெறும் சாக்கும் பழைய அட்டைப் பெட்டியுமாக இருந்தால், தட்டில் உள்ளதை எங்கே கொண்டு வைப்பது? பேஜ் ஃபைல் வழக்கமாக 'சி' டிரைவில்தான் இருக்கும், தேவைக்கேற்ப வளரும். 'சி' டிரைவில் காலியிடம் இல்லையென்றால் வளர முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. ரேம் 4 ஜி.பி.; பேஜ் ஃபைல் 1 ஜி.பி.; 'சி' டிரைவில் மிச்சம் 1 ஜி.பி. என்று கொள்வோம். கடைசி அங்குலம் வரை பயன்படுத்தினாலும் மொத்த வரம்பு 6 ஜி.பி.தான். திறந்துள்ள புரோகிராம்களின் தேவை 7 ஜி.பி.யைத் தொட்டால் எச்சரிக்கை வரும். அதற்குப் பிறகு புரோகிராம்கள் தாமே மூடிக்கொள்ளும். பில் பதிவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் கணக்குப் புரோகிராம் இப்படி நின்றுபோனால் கணக்குக் கோப்பே பழுதாகிவிடக் கூடும். உண்மையான நஷ்டம் அதுதான்.

எச்சரிக்கை வந்தவுடன் செய்ய வேண்டியவை

1. கணக்குப் புரோகிராமில் உள்ள பதிவை முடித்து, முறைப்படி மூடவும். பிறகு எக்செல், இன்டர்நெட் ஆகியவற்றை மூடவும்.

2. கணக்குத் தகவல்களை பென்டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ நகல் எடுத்து, அதைக் கழற்றித் தனியே வைக்கவும். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

3. கணிப்பொறியை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யவும்.

நோய் எது என்று அறிதல்

வழக்கமான புரோகிராம்களைத் திறந்த பின், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் மெமரியைத் தேர்ந்தெடுக்கவும். அங்கே 'கமிட்டட்' என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது இப்போதைய தேவை. இரண்டாவது ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த வரம்பு. முதல் எண் இரண்டாவதை நெருங்கினால் நெருக்கடி என்று பொருள். அடுத்து 'சி' டிரைவின் காலியிடத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்ளவும்.

வேலை அதிகமில்லாதபோதும் ஒரே புரோகிராமின் மெமரி அளவு காலையிலிருந்து மாலை வரை ஏறிக்கொண்டே போனால், குறை அந்தப் புரோகிராமில் இருக்கலாம். அதை மதியம் ஒரு முறை மூடித் திறப்பது தற்காலிகத் தீர்வு. புதிய பதிப்பு கேட்டு வாங்குவது சரியான தீர்வு.

குடோனைக் காலி செய்தல்

கடைக் கணிப்பொறிகளில் இடத்தை அடைக்கும் முக்கியக் காரணம் ஒன்று பலர் கவனிக்காதது. கணக்குப் புரோகிராம் நாள்தோறும் எடுக்கும் நகல்கள் 'சி' டிரைவிலேயே சேர்ந்து கிடக்கும். அதே டிஸ்க்கில் உள்ள நகல், டிஸ்க் கெட்டால் கூடவே போய்விடும். ஆகவே அது பாதுகாப்பும் அன்று. இவற்றை வெளி டிஸ்க்குக்கு மாற்றி, அவை அங்கே சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு இங்கே நீக்கவும்.

அடுத்து, டிஸ்க் கிளீனப் என்ற விண்டோஸ் வசதியைக் கொண்டு தற்காலிகக் கோப்புகள், ரீசைக்கிள் பின், பழைய விண்டோஸ் பதிப்பின் மிச்சங்கள் ஆகியவற்றை நீக்கலாம். பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' இருந்தால் அதில் டிக் இருக்கக் கூடாது. வரி ரசீதுகளும் சப்ளையர் பில்களும் அந்த இடத்தில்தான் இறங்கியிருக்கும். ஹைபர்னேட் வசதியைப் பயன்படுத்தாதவர்கள் அதை நிறுத்தினால், வழக்கமாக ரேம் அளவில் 40 சதவீதத்தை ஒட்டிய இடம் மிச்சமாகும்.

எதை அழிக்கக் கூடாது என்பது இதைவிட முக்கியம். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அவ்வாண்டின் ஆண்டறிக்கை தாக்கலுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 'பழைய வருடம்தானே' என்று கணக்குக் கோப்புறையை நீக்கிவிட்டால் தணிக்கையின்போது பதில் சொல்ல முடியாது.

பேஜ் ஃபைலைச் சரிசெய்தல்

'திஸ் பி.சி.'யில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்று செல்லவும். பெர்ஃபார்மன்ஸ் என்பதன் கீழ் உள்ள செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்தால் விர்ச்சுவல் மெமரி தெரியும். அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி, முதல் வரியில் டிக் இருப்பதே பெரும்பாலோருக்கு நல்லது. யாரோ முன்பு சிறிய அளவை நிர்ணயித்து வைத்திருந்தால் அதை மாற்றவும்.

'சி' டிரைவில் வேறு வழியே இல்லை, 'டி' டிரைவில் இடம் தாராளமாக இருக்கிறது என்றால், அந்த டிக்கை எடுத்துவிட்டு, 'டி'யில் 'சிஸ்டம் மேனேஜ்டு' என்பதைத் தேர்ந்தெடுத்து, செட் பொத்தானை அழுத்தி, ரீஸ்டார்ட் செய்யவும். இரண்டும் ஒரே டிஸ்க்கின் பாகங்களானால் இட நெருக்கடி தீரும்; வேகம் கூடாது. 'நோ பேஜிங் ஃபைல்' என்பதை எல்லா டிரைவுக்கும் தேர்ந்தெடுத்து இடத்தை மிச்சப்படுத்த நினைக்கக் கூடாது. அது குடோனையே இடிப்பதற்குச் சமம்.

எப்போது செலவு செய்ய வேண்டும்?

இடம் தாராளமாக இருந்தும் கணிப்பொறி தவழ்ந்தால், தட்டே சிறியது என்று பொருள். ரேமை 8 ஜி.பி. ஆக்கலாம். வாங்கும் முன் மதர்போர்டுக்கு ஏற்றது டி.டி.ஆர். 3ஆ, 4ஆ என்றும், விண்டோஸ் 64 பிட் வகையா என்றும் பார்க்க வேண்டும்; 32 பிட் வகையில் 4 ஜி.பி.க்கு மேல் ரேம் போட்டும் பயனில்லை. சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால் குடோனுக்குப் போய் வரும் நேரம் வெகுவாகக் குறையும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. ஆகவே பழைய இயந்திரத்தில் பணம் போடுமுன், அது விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

நினைவில் கொள்ள

- முதலில் நகல், பிறகுதான் வைத்தியம்.
- 'சி' டிரைவில் ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்கட்டும்.
- நகல் வெளி டிஸ்க்கில் இருக்கட்டும். அந்த டிஸ்க் கடைக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது.
- கணக்குக் கோப்புகளைக் கணக்கர் ஒப்புதல் இல்லாமல் நீக்க வேண்டாம்.
- மாதம் ஒரு முறை சரக்கு இருப்பு எடுக்கும் நாளிலேயே டிஸ்க்கின் காலியிடத்தையும் பார்த்து நோட்டில் எழுதி வைக்கவும். மூன்று மாத அளவுகளைப் பார்த்தாலே இடம் எப்போது தீரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.