ட்ரான்ஸ்பர் கேஸ் வாங்கும் முன்

பழைய செவர்லே பிக்கப் ஒன்றை வாங்கிவிட்டு, “ஒரு ட்ரான்ஸ்பர் கேஸ் மட்டும் கிடைத்தால் போதும், ஃபோர் வீல் டிரைவ் ஆக்கிவிடலாம்” என்று சொல்லும் தம்பிகளை அடிக்கடி பார்க்கிறேன். அமெரிக்காவில் 1973 முதல் 1986 வரை வந்த ‘ஸ்கொயர் பாடி’ வண்டிகளில் பெயர் ‘சி’ என்று தொடங்கினால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். ‘கே’ என்று தொடங்கினால் நான்கும் இழுக்கும். சி-10ஐ கே-10 ஆக்க நினைப்பவர்களுக்கு, கையில் கிரீஸ் படிவதற்கு முன் சொல்ல வேண்டியவை இவை.

1. முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சி வண்டியின் முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கும் கைகளுமாக இருக்கும். இரண்டு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். கே வண்டியில் ஒரே நீளமான ஆக்சில், அதைத் தாங்க லீஃப் ஸ்பிரிங். ஆகவே முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைக் கழற்றி, ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகளைச் சேஸிஸில் பொருத்தியாக வேண்டும். ஸ்டீரிங் இணைப்புகளும் மாறும். வேலையில் பெரும்பங்கு இங்கேதான். கியர் பாக்ஸின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்தனுப்பும் ட்ரான்ஸ்பர் கேஸ் அதில் ஒரு துண்டு.

2. எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ட்ரான்ஸ்பர் கேஸ் பெட்டியை வாங்காதீர்கள். முன் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட் ட்ரான்ஸ்பர் கேஸின் ஒரு பக்கத்திலிருந்து புறப்படும். ஆக்சிலின் குண்டுப் பகுதி, அதாவது டிஃபரன்ஷியல், அதே பக்கம் இருக்க வேண்டும். இந்தக் கே வண்டிகளில் அது வலப்பக்கம். எண்பதுகளின் ஃபோர்டு பிக்கப்பில் இடப்பக்கம், ஓட்டுநர் பக்கம். ஃபோர்டு பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வந்தால் ஷாஃப்ட் போகும் வழியே இருக்காது.

3. பெட்டியின் தகட்டைப் படியுங்கள். இந்தப் பெட்டிகளைச் செய்த நியூ ப்ராசஸ் கம்பெனி அவற்றின் பின்புறம் ஒரு சிறு தகடு வைத்திருக்கும். அழுக்கைத் துடைத்தால் மாடல் எண்ணும் லோ கியர் விகிதமும் தெரியும். 205 என்றால் வார்ப்பிரும்பு உடல், உள்ளே செயின் கிடையாது, முழுக்கப் பல்சக்கரம். லோ விகிதம் 1.96. எளிதில் சாகாத பெட்டி. 208 அலுமினிய உடல், செயின் ஓட்டம். எடை குறைவு, லோ விகிதம் 2.61. மேடேறவும் பாறையில் ஊரவும் அந்த 2.61 நன்றாக உதவும், ஆனால் செயின் நீண்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். 203 எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை, கனம் அதிகம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

4. ஸ்பிளைனை, அதாவது ஷாஃப்டின் பற்களை, உங்கள் கண்ணால் எண்ணுங்கள். கியர் பாக்ஸின் ஷாஃப்டும் ட்ரான்ஸ்பர் கேஸின் வாயும் பல்லுக்குப் பல் பொருந்த வேண்டும். செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் டி.எச்.350 ஆட்டோமேட்டிக்குக்கு 27 பல், டி.எச்.400க்கு 32. எஸ்.எம்.465 கைக்கியருக்கு முன்பு 10 பல் இருந்தது, பிறகு 32 வந்தது. டாட்ஜில் 23 பல் உண்டு. ஆகவே “205 இருக்கிறது” என்று விற்பவர் சொன்னால் அது பாதி விடைதான். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோடு திரும்ப வரும்வரை விரலால் எண்ணுங்கள். இரண்டு தடவை எண்ணுங்கள். பிறகு போல்ட் துளைகள் இருக்கும் முகத்தைப் படமெடுங்கள். வட்ட முகம் ஒரு வகை, எட்டு வடிவ முகம் வேறு வகை. இடையில் வரும் அடாப்டரையும் பெட்டியோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். அது தனியாகக் கிடைப்பது அரிது.

5. கியர் பாக்ஸின் வாலை மறக்காதீர்கள். டூ வீல் டிரைவ் வண்டியின் டி.எச்.350க்கு நீண்ட வால் உண்டு. ஃபோர் வீல் டிரைவுக்கு, உள்ளே இருக்கும் அவுட்புட் ஷாஃப்டையே குட்டையானதாக மாற்ற வேண்டும். அதற்குக் கியர் பாக்ஸை முழுக்கப் பிரிக்க வேண்டும். கே வண்டியின் கியர் பாக்ஸும் பெட்டியும் ஜோடியாகக் கிடைத்தால் அந்த ஜோடியையே எடுங்கள்.

6. முன்னும் பின்னும் ஒரே ஆக்சில் விகிதம் வேண்டும். பின் ஆக்சில் 3.08 ஆக இருக்கும்போது முன்னால் 3.73ஐ மாட்டினால், நான்கு சக்கரத்தையும் கோத்த நொடியிலிருந்து வண்டி தன்னோடு தானே சண்டை போடும். கையுறைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் தாளில் ஜிடி4 என்றால் 3.73, ஜியு4 என்றால் 3.08. தாளை மட்டும் நம்ப வேண்டாம். இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். ஆக்சில் மூடியைத் திறந்து கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்று எண்ணினால் 3.73 உறுதி.

7. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கடைசியில் அளவெடுங்கள். பெட்டி ஏறியதும் பின் ஷாஃப்ட் குட்டையாக வேண்டும், முன்னால் புதிதாக ஒன்று வேண்டும். வண்டி நான்கு டயரிலும் முழு எடையோடு நிற்கும்போதுதான் அளவு. ஜாக்கியில் தூக்கிவைத்து எடுத்த அளவு பொய். இன்னொன்று: 208இல் பின் யோக் (ஷாஃப்ட் மாட்டும் முனை) வழுக்கும் வகை, 205இல் நிலையானது; ஒன்றின் ஷாஃப்டை மற்றதில் மாட்ட முடியாது.

8. சில்லறை வேலைகளுக்கும் பட்டியல் போடுங்கள். சி-10 சக்கரத்துக்கு ஐந்து போல்ட், கே-10க்கு ஆறு. ஆகவே பின் ஆக்சிலையும் சேர்த்து மாற்றாவிட்டால் ஒரே ஸ்டெப்னி இரண்டு முனைக்கும் உதவாது. ஸ்பீடோமீட்டர் கேபிள் ட்ரான்ஸ்பர் கேஸுக்குப் போகும். வண்டி உயர்ந்தால் பிரேக் ஹோஸ் நீளம் போதாது. ட்ரான்ஸ்பர் கேஸ் லீவருக்குக் கேபின் தரையில் துளை வேண்டும். எண்ணெயும் வேறு: 205க்கு 80டபிள்யூ-90 கியர் ஆயில், 208க்கு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் எண்ணெயான ஏ.டி.எஃப். மாற்றி ஊற்றினால் பெட்டி கெடும்.

9. பெட்டியைத் தனியாகத் தூக்காதீர்கள். 205 ஏறக்குறைய 60 கிலோ. மார்பின் மேல் வைத்துத் துளை பார்ப்பது வீரம் அல்ல. டிரான்ஸ்மிஷன் ஜாக்கியை வாடகைக்கு எடுங்கள், ஸ்டாண்டு போடாமல் வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள்.

10. முடித்த பிறகு காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தைப் போட்டு ஓட்டாதீர்கள். 205இலும் 208இலும் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே டிஃபரன்ஷியல் இல்லை. திருப்பத்தில் முன்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் வழுக்கிச் சமாளிக்கும், தாரில் அது முடியாமல் ஸ்டீரிங் கனக்கும், ஷாஃப்ட் முறுக்கேறும். சேறு, மணல், பனி, இதற்குத்தான் அந்த லீவர்.

11. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். உதிரியாகப் பொறுக்கினால் ஒவ்வொன்றும் மலிவாகத்தான் தெரியும். கூட்டுத்தொகை ஒரு முழு கே-10இன் விலையைத் தாண்டிவிடும். பாடி துருப்பிடித்து, அடிப்பாகம் நன்றாக இருக்கும் கே வண்டி ஒன்றைத் தேடுங்கள். வீல்பேஸ் ஒத்துப்போனால் உங்கள் கேபினை அந்தச் சேஸிஸில் இறக்கலாம். மேலே சொன்ன பத்தில் பாதி தானாகத் தீரும். ஆனால் சேஸிஸிலும் அடையாள எண் உண்டு. உங்கள் மாநிலப் பதிவு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

அப்பா ஓட்டிய வண்டி, விற்க மனமில்லை என்றால் மாற்றுங்கள். செலவைப் பற்றிப் பேசாதீர்கள். வெறும் ஃபோர் வீல்தான் வேண்டும் என்றால், கே என்று தொடங்கும் வண்டியையே வாங்குங்கள்.